1980களின் புதுச்சேரி, கடலூர் ராக் குழுக்கள்: பெரியப்பாவின் ஒத்திகைக் கேசட் எந்தச் சுருதியில் இருக்கிறது?

கேள்வி: வைத்திக்குப்பம் வாசகி

வணக்கம். என் பெரியப்பா 1980களில் புதுச்சேரியில் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். பின்னாளில் ஆலை வேலை, குடும்பம் என்று ஆன பிறகு அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை; கேட்டால் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவர் மறைந்த பிறகு முத்தியால்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அவருடைய பேஸ் கிட்டாரும், உறையில்லாத ஒரு 90 நிமிடக் கேசட்டும் கிடைத்தன. கேசட்டின் மேல் "ஒத்திகை 86" என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. பாடல்களின் பட்டியலோ வாசித்தவர்களின் பெயரோ இல்லை.

நான் கிட்டார் கற்றுக்கொண்டிருப்பவள். அந்தக் கேசட்டை ஓடவிட்டு உடன் வாசிக்க முயன்றால் என் கிட்டாரோடு அது எந்த இடத்திலும் பொருந்தவில்லை. தொடக்கத்தில் உள்ள பாடல்கள் கொஞ்சம் தூக்கலாகவும், முடிவில் உள்ளவை ஏறக்குறைய அரைச் சுரம் தூக்கலாகவும் கேட்கின்றன. பாடுபவரின் குரலும் சற்று மெலிந்து ஒலிக்கிறது. இடையில் ஒரு பாடல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக நிற்கிறது. அக்காலத்தில் இப்படித்தான் சுருதி சேர்ப்பார்களா, அல்லது பதிவில் ஏதேனும் கோளாறா?

இன்னொரு ஐயமும் உண்டு. அந்த பேஸ் கிட்டாரில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. மரம் கனமாகவும் நல்ல பழுப்பு நிறமாகவும் இருக்கிறது, ஆனால் கீறல் விழுந்த இடத்தில் உள்ளே மஞ்சளாகத் தெரிகிறது. இதை யார் செய்திருப்பார்கள்? அந்நாளில் குழுக்களில் வாசித்தவர்கள் இங்கே இருந்தால், எப்படிக் கற்றீர்கள், எங்கே வாசித்தீர்கள் என்பதையும் எழுதினால் எங்கள் குடும்பம் மிகவும் மகிழும்.


பதில்: ரிதம் கிட்டார், குருசுக்குப்பம்

அன்புள்ள மகளுக்கு, உங்கள் பெரியப்பாவின் குழுவில் நான் இருந்ததில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் இதே ஊரில் வேறொரு குழுவில் வாசித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சுருதி. இன்று கைப்பேசியிலேயே இருக்கிற, சுருதியை அளந்து காட்டும் ட்யூனர் அன்று எங்களில் ஒருவரிடமும் கிடையாது. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த பிள்ளைகள் அங்குள்ள ஆர்மோனியத்திலிருந்து ஒரு சுரத்தை வாயில் முணுமுணுத்தபடியே ஒத்திகைக்கு வந்து சேருவார்கள். அது இல்லாத நாளில் கேசட்தான் எங்களுக்குச் சுருதிப்பெட்டி. எந்தப் பாட்டைக் கற்கிறோமோ, அந்தக் கேசட்டில் அது எந்தச் சுருதியில் ஓடுகிறதோ, அதற்கு ஏற்றபடி கம்பிகளை ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்வோம். அந்தக் கேசட்டோ மூலப் பதிவே அல்ல. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும்போது இசைத்தட்டுகளைக் கொண்டுவருவார்கள். அதை ஒருவர் கேசட்டில் எடுப்பார், அந்தக் கேசட்டிலிருந்து இன்னொருவர் எடுப்பார், இப்படிக் கைமாறி எங்களிடம் வருவதற்குள் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒவ்வொரு டூ-இன்-ஒன்னின் மோட்டாரும் தன் பங்குக்கு வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கும். ஒரே பாட்டை முதலியார்பேட்டைக் குழு ஒரு சுருதியிலும் நாங்கள் வேறொரு சுருதியிலும் வாசித்தோம். இரு தரப்பாருக்கும் தாங்கள் வாசிப்பதே சரி என்பதில் துளியும் ஐயம் இருக்கவில்லை.

கற்றது முழுக்கவும் காதால்தான். நான்கு விநாடி ஓடவிடுவது, நிறுத்துவது, பின்னால் சுற்றுவது, மறுபடி ஓடவிடுவது. எங்கள் லீட் கிட்டார்காரர் ஒரு தனிவாசிப்பைப் பிடிப்பதற்குள் அந்தப் பகுதியில் நாடா தேய்ந்து, கூர்மையான ஓசைகள் எல்லாம் மங்கிவிடும். மங்குவதற்கு முன்பு கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு மங்கிய பிறகும் அதையே வாசிக்கும் காது அவருக்கு இருந்தது. பாட்டின் சொற்களை எழுதித்தர யாரும் இல்லை. லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர்களுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும், ஆங்கிலம் தடுமாறும். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கோ அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாது. ஆகவே இரு தரப்பினரும் கூடி உட்கார்ந்து, கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடினோம்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் செய்த கிவ்சன், ஹாப்னர் கிட்டார்கள்தான் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் எல்லை. அதையும் சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடந்துவரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளுக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் பணம் சேர்த்துத்தான் வாங்க முடியும். மின் கிட்டார் என்பது அதற்கும் மேலே. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்ற பொருள் வேண்டும்; என் முதல் பிக்கப் ஒரு பழைய தொலைபேசி ரிசீவரின் காதுப்பகுதி. அதற்குள் காந்தமும் காயிலும் இருக்கும். மூடியைக் கழற்றி, துணி நாடாவால் கிட்டாரின் வாய்க்கு அருகில் ஒட்டி, இரண்டு கம்பிகளை இழுத்து, வால்வு ரேடியோவின் பின்புறத்தில் கிராமபோனுக்கென்று விட்டிருக்கும் துளையில் செருகினால் ரேடியோவே ஆம்ப்ளிஃபயர் ஆகிவிடும். ஒலியை முழுதாகத் திருப்பினால் வால்வு தாங்காமல் ஓசை கரகரவென்று உடையும். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் இசைத்தட்டில் கேட்ட அந்தக் கரகரப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில், எங்கள் கையில் முதன்முதலாக எழுந்த மாலையை நான் மறக்கவே மாட்டேன். அதில் ஆபத்தும் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோக்களில் உள்ளிருக்கும் தகடு நேரடியாக மின் இணைப்போடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் கிட்டார் கம்பி வழியே மின்சாரம் உடம்பில் ஏறும். ஆகவே கம்பியில் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் கிட்டாரைத் தொடுவதில்லை என்பது எங்கள் குழுவின் முதல் விதி.

கடல் காற்றுக்குக் கம்பிகள் வெகு விரைவில் துருவேறும். பேஸ் கம்பிகளின் விலை எங்களுக்கு எட்டாதது என்பதால், ஓசை மந்தமானவுடன் அவற்றைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்போம். சுற்றுக்கம்பியின் இடுக்கில் ஏறிய எண்ணெயும் அழுக்கும் விட்டு, சில வாரங்களுக்குப் பழைய துலக்கம் திரும்பும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரியப்பா அடுப்படியில் கிட்டார் கம்பி வேகவைத்தது யாருக்காவது நினைவிருக்கும்.

வாசித்த இடங்கள் என்றால், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகள், ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளை ஒட்டிய விருந்துகள், சொல்தா குடும்பத்துத் திருமணங்கள், ஜிப்மர் மாணவர்களின் விழாக்கள். அங்கே எல்லாரும் போனி எம் குழுவின் நடனப் பாட்டுகளைக் கேட்பார்கள். அதை வாசித்துக் கொடுத்தால்தான் நாங்கள் விரும்பியதற்கு இரண்டு பாட்டு இடம் கிடைக்கும். ஆரோவில்லில் வாழ்ந்த வெளிநாட்டவர் சிலர் எங்கள் வாசிப்பைக் கேட்டு, கார்டு எனப்படும் சேர்சுரங்களின் விரல் பிடியைத் திருத்தித் தந்திருக்கிறார்கள். அந்த அன்புக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

நாங்கள் வாசித்தவை வெறும் நகல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சுரக்குறிப்பும் இல்லாமல், வாசிப்பவரின் கையைத் திரையில் பார்க்கும் வசதியும் இல்லாமல், மங்கிய நாடா ஒன்றிலிருந்து ஒரு பாட்டை எழுப்பும்போது அதில் பாதியை நாம்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. மும்பையின் ராக் மெஷின் குழுவினர் 1988இல் தங்கள் சொந்தப் பாடல்களை ஆல்பமாகவே வெளியிட்டார்கள், கொச்சியில் 13 ஏடி குழுவினர் பெயர் பெற்றார்கள், சென்னையில் டிரம்ஸ் சிவமணியும் பின்னாளில் ஏ.ஆர்.ரகுமான் என்று உலகம் அறிந்த இளைஞரும் ரூட்ஸ் என்ற குழுவில் வாசித்தார்கள். நம் ஊரில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணம் கட்டும் நிலையில் யாரும் இருக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் உள்ள அந்தக் கேசட் இவ்வளவு அரியது.


பதில்: டிரம்ஸ், மஞ்சக்குப்பம்

கீறலில் மஞ்சள், வெளியே பழுப்பு என்றால் அது பலாமரம்தான், அம்மா. பலா புதிதாக அறுக்கும்போது பொன் மஞ்சளாக இருக்கும், ஆண்டுகள் போகப் போகப் பழுத்துக் கருக்கும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் போவது எல்லாருக்கும் தெரிந்ததே. நான் வாசித்த குழுவின் பேஸ் கிட்டாரும் பண்ருட்டிப் பலாவில் எங்கள் பகுதித் தச்சர் ஒருவர் செய்ததுதான். படத்தைக் கொடுத்தோம், அளவைக் கொடுத்தோம், "இதற்குக் குடம் வேண்டாமா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், வேண்டாம், கட்டையாகவே இருக்கட்டும் என்று சொல்லி நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கழுத்தில் குறுக்கே பதியும் ஃபிரட் கம்பிகளை எங்கே பதிப்பது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் மேற்பாலத்திலிருந்து உடலில் உள்ள அடிப்பாலம் வரை உள்ள நீளத்தை 18ஆல் வகுத்து முதல் ஃபிரட், மிச்ச நீளத்தை மறுபடி 18ஆல் வகுத்து இரண்டாவது, இப்படியே போக வேண்டும். துல்லியமான எண் 17.817. நீங்கள் ஒரு டேப் எடுத்து உங்கள் பெரியப்பாவின் கருவியை அளந்து பாருங்கள். முழு நீளம் 864 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12ஆவது ஃபிரட் சரியாகப் பாதியில், அதாவது அடிப்பாலத்திலிருந்து 432 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். 435 என்று வந்தால் அது பெரும்பாலும் 18 கணக்கில் கையால் செய்ததாக இருக்கும். அப்படிச் செய்ததில் மேல் ஃபிரட்டுகளில் சுரம் ஒரு மயிரிழை தாழ்ந்து பேசும். ஆனால் கம்பியை அழுத்தும்போது ஏறும் சுரம் அதில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடும்.

என் டிரம்ஸும் அதே வகைதான். பெரிய டிரம் கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களிடம் வாங்கியது. காலால் அடிக்கும் பெடலைக் கடலூர் முதுநகரில் துறைமுகப் படகுகளுக்கு வேலை செய்யும் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினேன். ஆட்டுத்தோல் போர்த்திய டிரம் மாலைக் கடற்காற்றில் தொய்ந்து பேச்சே எழாமல் போகும், அதனால் மேடை ஏறுவதற்கு முன் 100 வாட் பல்பைத் தோலுக்கு அருகில் எரியவிட்டு முறுக்கேற்றுவேன். செயற்கைத் தோல் கைக்கு வந்த பிறகுதான் இந்த வேலை நின்றது.

கடலூரில் இங்கிலீஷ் பாட்டுக்கென்று தனியாக மேடை அமைவது அரிது. நெய்வேலி நகரியத்தின் மன்றங்களிலும் சிதம்பரத்தில் பல்கலைக்கழக விடுதி விழாக்களிலும் வாசித்தோம்; மற்றபடி மெல்லிசைக் குழுக்களோடு சேர்ந்துதான் பிழைப்பு. மாசி மகத்துக்குச் சுவாமிகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் நாளில் இரவு இன்னிசைக் கச்சேரி இருக்கும். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, பாடகர்கள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில், கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் ஐந்து நிமிடம் வாசிக்க எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். மீனவர் குடும்பங்கள் மணலில் உட்கார்ந்து அதைக் கேட்ட விதத்தை நான் எந்தக் கல்லூரி விழாவிலும் பார்த்ததில்லை. தாளம் அவர்களுக்கு அந்நியமாக இருக்கவே இல்லை. மூன்றாவது சுற்றிலேயே கைதட்டு சரியான இடத்தில் வந்து விழும்.

இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்த குழு எங்களுடையது. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை. புதுச்சேரியிலிருந்து திரும்பும் இரவுகளில் பெரிய டிரம்முக்குள் புட்டிகள் இருக்கின்றனவா என்று திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டிவிட்டு மறுபடி தோலை இழுத்துக் கட்டுவோம். 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் சாலை மறியல் ஒரு வாரம் நடந்தபோது கருவிகள் ஓர் ஊரிலும் ஆட்கள் ஓர் ஊரிலுமாக நின்றோம். அதே ஆண்டு டிசம்பர் 24 விடியலில் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி வந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோயின. அந்தப் பருவத்து வருமானத்தை நம்பித்தான் ஆம்ப்ளிஃபயருக்குத் தவணை பேசியிருந்தோம். அதற்கு அடுத்த ஆண்டு லீட் கிட்டார்காரருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் ராணுவ சேவைக்குப் பிரான்ஸ் போனார், கீபோர்டுக்காரர் வளைகுடாவுக்குப் போனார். சண்டையோ மனத்தாங்கலோ எதுவும் இல்லை. ஆள் இல்லாமல்தான் குழு கலைந்தது.


பதில்: பாடகி, நெல்லித்தோப்பு

கேசட்டில் பெண் குரல் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், அது யார் என்று சொல்லக்கூடியவர்கள் எங்களில் சிலர் இருக்கிறோம்.

அன்று குழுக்களில் பாடிய பெண்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வந்தவர்கள். என்னை அண்ணன் உடன் வந்தால் மட்டுமே ஒத்திகைக்கு விட்டார்கள். அவருக்கு இசையில் நாட்டம் கிடையாது, இருந்தும் ஒவ்வொரு ஞாயிறும் பணிக்குப் போவது போல வந்து மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அவர் அப்படி வந்திராவிட்டால் நான் பாடியிருக்கவே முடியாது. மேடைகளில் பெண் பாடுகிறாள் என்பதற்காகவே கூட்டம் ஓசை எழுப்பும். முதல் பாட்டு முடிவதற்குள் அதை அடக்கிக் கேட்கவைப்பது பாடுபவளின் பொறுப்பாகவே இருந்தது. மெதுவான பாட்டில் தொடங்கக் கூடாது என்பதை அதில்தான் கற்றேன்.


பதில்: மைக் செட், திருப்பாதிரிப்புலியூர்

நான் இசைக்கலைஞன் அல்லன். 1979 முதல் ஒலிபெருக்கித் தொழிலில் இருக்கிறேன். அகுஜா ஆம்ப்ளிஃபயரும் கூம்பு ஸ்பீக்கருமாகத் தொடங்கியவன். சுருதிக் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு வழி சொல்ல முடியும்.

தொடக்கத்தில் கொஞ்சம் தூக்கல், முடிவில் அரைச் சுரம் தூக்கல் என்று நீங்கள் எழுதியிருப்பதே காரணத்தைக் காட்டிவிடுகிறது. பதிவு செய்த டூ-இன்-ஒன் பேட்டரியில் ஓடியிருக்கிறது. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகிறது. மெதுவாக ஓடும் நாடாவில் எழுதியதைப் பின்னாளில் சரியான வேகத்தில், அதாவது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஓட்டினால் எல்லாம் விரைந்து, சுருதி உயர்ந்து, குரல் மெலிந்து கேட்கும். வேகத்தில் ஆறு சதவீத வேறுபாடு ஏறக்குறைய அரைச் சுரத்துக்குச் சமம்.

உண்மையான வேகத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கேசட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாடல்களுக்கு இடையில், யாரும் வாசிக்காத இடத்தில், ஆம்ப்ளிஃபயரின் "ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்கும். அது மின்சாரத்தின் ஓசை. நம் நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த 50இலும் அதன் இரட்டிப்பான 100இலும் இரைச்சல் விழும். கேசட்டைக் கணினியில் ஏற்றி, அந்த அமைதியான இடத்தை மட்டும் எடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தில் பாருங்கள். 50 இருக்க வேண்டிய இடத்தில் 53 என்று வந்தால் பதிவு ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 1980களில் தென்னக மின் தொகுப்பில் தேவைக்குப் போதிய மின்சாரம் இல்லை. பற்றாக்குறை ஏற்படும்போது மின்னாக்கிகளின் சுழற்சியே மந்தமாகி, 50 என்பது 48.5 வரைகூட இறங்கும். மின்சாரத்தின் சுற்றை எண்ணி ஓடும் கடிகாரம் இருந்தால் அது பின்தங்கும். ஆகவே இரைச்சலை மட்டும் நம்பாமல் இரண்டாவது சாட்சி ஒன்றையும் தேடுங்கள். கேசட்டில் எங்காவது கேசியோ கீபோர்டு கேட்கிறதா? அதன் சுரங்கள் மின்னணுவால் நிலைநிறுத்தப்பட்டவை. சுருதித் திருகு இருந்து அதை யாரும் திருப்பாத வரை, விநாடிக்கு 440 அதிர்வு என்ற அடிப்படைச் சுரத்தில் நிற்கும், கிட்டார் கம்பியைப் போலக் கடல் காற்றுக்கு இளகாது. இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை வந்துவிடும்.


கேட்டவரின் தொடர்ச்சி: வைத்திக்குப்பம் வாசகி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியம்மாவிடம் இவற்றை வாசித்துக் காட்டினேன். கம்பி வேகவைத்த பாத்திரம் எது என்பதைக்கூட அவர் சொன்னார்.

முதலில் பேஸ் கிட்டாரை அளந்தேன். முழு நீளம் 860 மில்லிமீட்டர், 12ஆவது ஃபிரட் அடிப்பாலத்திலிருந்து 433. பாதி என்றால் 430 வந்திருக்க வேண்டும். ஆகவே ஐயா சொன்ன 18 கணக்கில் செய்தது என்றே நினைக்கிறேன்.

கேசட்டில் கேசியோ இருக்கிறது. தொடக்கத்தில் இரைச்சல் 49.5இல் நிற்கிறது, அங்கே கேசியோவின் 440 சுரம் 449ஆகக் கேட்கிறது. முடிவில் இரைச்சல் 51.5, கேசியோ 467. இரண்டு இடத்திலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைய மின்சாரம் 48.5 என்றே வருகிறது. அதை வைத்து வேகத்தைச் சீராக்கிய பிறகு பாடல்கள் என் கிட்டாரோடு அழகாகப் பொருந்துகின்றன, குரலும் கனத்துவிட்டது. பெரியம்மா அதைக் கேட்டவுடன் பாடுபவரை அடையாளம் கண்டுகொண்டார். பெண் குரல் இதில் இல்லை, அக்கா.

நான் முன்பு சொன்ன அந்தத் தனிப் பாடல் மட்டும் இப்போதும் பொருந்தவில்லை. சீராக்கிய பிறகு அது கால் சுரம் தாழ்ந்து நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பாடல்கள் சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏன்? இதையும் தனியாக உயர்த்திச் சரிசெய்துவிடலாமா?


பதில்: ரிதம் கிட்டார், குருசுக்குப்பம்

அதை மட்டும் தொட வேண்டாம், மகளே. அந்தப் பாடலில் கேசியோ கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காது என்றே நினைக்கிறேன். மெதுவாக ஓடிய ஒரு பிரதியிலிருந்து அந்தப் பாட்டைக் கற்றிருப்பார்கள், அந்தச் சுருதிக்கே கம்பிகளை எல்லாம் இறக்கியிருப்பார்கள். கேசியோவை இறக்க வழியில்லாததாலோ என்னவோ, கீபோர்டுக்காரர் அந்தப் பாட்டுக்கு மட்டும் எழுந்து நின்றிருப்பார். எங்கள் குழுவிலும் அப்படி ஒன்றிரண்டு பாடல்கள் இருந்தன. அவற்றை மாற்றிப் பழகச் சொன்னால் பாடகர் ஒத்துக்கொள்ள மாட்டார், அந்தத் தாழ்ந்த சுருதியில்தான் அவருக்குப் பாட்டே உட்கார்ந்திருக்கும்.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பேஸ் கிட்டாரின் நான்காம் கம்பி விரல் படாமல் திறந்து ஒலிக்கும் இடம் அந்தப் பாட்டில் எங்காவது இருக்கும். விரல் வைத்ததைவிட நீண்டு, அதிர்ந்து ஒலிப்பதால் காதுக்கே தெரியும். வழக்கமான சுருதியில் அது 41.2. சீராக்கிய பதிவில் 40க்கு அருகில் நின்றால், பெரியப்பா கருவியையே இறக்கி வைத்து வாசித்தார் என்பதில் ஐயமில்லை.


பதில்: மைக் செட், திருப்பாதிரிப்புலியூர்

அளவுகளைப் பார்த்து மகிழ்ச்சி. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பதிவின் மேல் ஓட்டிவிடாதீர்கள், அது முதலில் அழிப்பதே நாம் அளந்த அந்த 50ஐத்தான். கேசட்டிலிருந்து எடுத்த கோப்பை எந்த மாற்றமும் செய்யாமல் தனியாக ஒரு பிரதி வைத்துவிட்டு, வேகம் சீராக்குவதையும் இரைச்சல் குறைப்பதையும் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். கேசட்டுக்குள் நாடாவை அழுத்தும் சிறிய பஞ்சுத்துண்டு இவ்வளவு ஆண்டுகளில் பசை விட்டிருக்கக்கூடும். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன்பு அதைப் பாருங்கள். விழுந்திருந்தால் வேறொரு கேசட்டின் கூட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, நாடாவை அதற்குள் மாற்றி ஓட்டலாம். தனியாகச் செய்யத் தயங்கினால் திருப்பாதிரிப்புலியூருக்கு எடுத்து வாருங்கள், நான் உடன் உட்கார்ந்து செய்து தருகிறேன்.